வயலில் இறங்கினேன் என்று மகள் சொல்ல வேண்டும்

வாசகர் கேள்வி:

"வணக்கம். நான் முப்பது வருஷம் கண்டெய்னர் லோரி ஓட்டியவன். என் மகளுக்கு 20 வயது. சிட்னியில் படிக்கப் போன இடத்தில் கிளைடர் விமானம் ஓட்டப் பழகி, இப்போது தனியாகவே தூரப் பயணம் போகிறாள். அதில் இன்ஜினே கிடையாதாம். போன ஜனவரியில் 300 கிலோமீட்டர் சுற்றிவரப் போனவள், அறுவடை முடிந்த கோதுமை வயல் ஒன்றில் இறங்கிவிட்டாள். இரவு ஒன்பது மணிக்குத்தான் போன் வந்தது. பயத்தில், 'திரும்பி வரத் தெரியாதவளுக்கு எதுக்கு இந்த வேலை' என்று கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் 'எல்லாம் நல்லா போகுதுப்பா' என்கிறாள். இந்த டிசம்பரில் நியூ சவுத் வேல்ஸ் உட்பகுதியில் இளையோர் போட்டியாம். 'நீங்க வந்து எனக்கு க்ரூவா இருங்கப்பா' என்று கூப்பிடுகிறாள். நான் படிவம் மூன்றோடு நின்றவன். அங்கே போய் என்னால் என்ன ஆகும்? வீட்டில் அவள் அம்மா கைப்பேசியில் விமானப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாமல் கிடக்கிறாள். இவளைப் போக விடலாமா, நிறுத்தலாமா?"
– ஒரு தந்தை, பிறை, பினாங்கு.

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் ஒரே வரியில் நின்றுவிட்டேன்: "எல்லாம் நல்லா போகுதுப்பா." தூரப் பயணம் போகிற கிளைடர் விமானிக்கு எல்லா நாளும் நல்லபடியாகப் போகாது. எனக்குத் தெரிந்த எவருக்கும் போனதில்லை. ஜனவரிக்குப் பிறகும் உங்கள் மகள் எங்கேயாவது வயலில் இறங்கியிருப்பாள் என்றே நினைக்கிறேன். அதை உங்களிடம் மறைக்கிறாள். நீங்கள் கேட்ட மற்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் இந்த மறைப்பைச் சுற்றித்தான் இருக்கிறது.

நான் இப்போது கோலாலம்பூரில் விமானப் பயிற்றுநர். அதற்கு முன்பு பதினோரு ஆண்டுகள் ஆஸ்திரேலியாவில் கிளைடர் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். போட்டிகளில் பறந்திருக்கிறேன், மற்றவர்களுக்கு க்ரூவாக, அதாவது தரையில் துணை நிற்பவராக, வயலில் இறங்கிய கிளைடரைக் கழற்றி ஏற்றிவர டிரெய்லர் இழுத்துக்கொண்டு நடுச்சாமத்தில் அலைந்தும் இருக்கிறேன். நானும் ஒரு பெண். அதனால் உங்கள் வீட்டு அம்மாவிடம் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

முதலில் இன்ஜின் விஷயம். கிளைடரைச் சிறிய விமானம் ஒன்று கயிறு கட்டி இழுத்துப் போய் 2,000 அடி வாக்கில் விட்டுவிடும். அங்கிருந்து அது சறுக்கிக்கொண்டே இறங்கும். இளையோர் போட்டிகளில் பெரும்பாலும் ஓட்டுவது 15 மீட்டர் இறக்கை கொண்ட கிளைடர். அது ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஏறக்குறைய 40 மீட்டர் முன்னே போய்விடும். 1,000 மீட்டர் உயரத்தில் பட்டர்வொர்த்துக்கு மேலே இருந்தால், காற்று அசையாத நாளில் சுங்கைப் பட்டாணியைத் தாண்டிப் போய் இறங்கலாம். இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். எதிர்க்காற்றும் கீழ்நோக்கி அமுக்கும் காற்றும் இருக்கும் என்பதால் நாங்கள் அதில் பாதியைத்தான் கணக்கில் வைப்போம். பாதி என்றாலும், எந்த வயல், எந்தப் பக்கம் காற்று, எங்கே கம்பி என்று பார்க்க அவகாசம் உண்டு.

மேலே ஏறுவதற்கு வெயில்தான் எண்ணெய். நிலம் சூடேறி, அந்தச் சூட்டில் காற்று தூண் தூணாக எழும்பும். அதைத் தெர்மல் என்போம். அதற்குள் வட்டமடித்தால் கிளைடரும் சேர்ந்து ஏறும். இதை நம் நாட்டிலேயே கண்ணால் பார்க்கலாம். மார்ச் மாதத்தில் போர்ட் டிக்சனுக்குப் பக்கத்தில் தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்தருகே போய் நில்லுங்கள். சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து தேன்பருந்துகள் வந்துகொண்டிருக்கும். கடலுக்கு மேலே நல்ல தெர்மல் கிடைக்காது. சுமார் 38 கிலோமீட்டரைச் சறுக்கியும் சிறகடித்தும் கடந்து வருவதால், கரைக்கு வந்து சேரும்போது பல பறவைகள் மர உச்சி அளவுக்குத் தாழ்ந்திருக்கும். வெயில் பட்ட நிலத்தின் மேல் வந்ததும் வட்டமடித்து மறுபடி ஏறி வடக்கே போய்விடும். வெயில் சாய்ந்தபின் வருகிற பறவை காட்டு மரத்தில் இறங்கி உட்கார்ந்து, மறுநாள் நிலம் சூடான பிறகு கிளம்பும்.

ஜனவரியில் உங்கள் மகள் செய்ததும் அதுதான். தெர்மல் கிடைக்கவில்லை, இறங்கிவிட்டாள். எங்கள் பேச்சில் இதற்கு அவுட்லேண்டிங் என்று பெயர். அது விபத்தில்லை. தூரப் பயணம் கற்கும் எவரும் தனியாக ஓர் அடி கிளம்புவதற்கு முன்பே வயலில் இறங்கப் பழக வேண்டும்.

இதற்காக ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்றும் உங்களுக்குத் தோன்றலாம். எங்களிடம் ஒரு நாட்டுக் கணக்கு உண்டு. மதிய வெப்பத்திலிருந்து, ஈரம் பனியாகத் தொடங்கும் வெப்பநிலையைக் கழித்து, மீதியை 400 ஆல் பெருக்கினால், குவிமேகத்தின் அடிப்பக்கம் எத்தனை அடி உயரத்தில் இருக்கும் என்று தோராயமாகத் தெரியும். பினாங்கில் வெப்பம் 32 பாகை, பனிநிலை 25 என்றால் 2,800 அடி. அந்த உயரத்தில் செம்பனைக்கும் காட்டுக்கும் மேலே எந்த நம்பிக்கையில் போவது? சாயங்காலத்துக்குள் இடி மின்னல் வேறு வந்துவிடும். நியூ சவுத் வேல்ஸ் உட்பகுதியில் வெப்பம் 36, பனிநிலை 8 என்றால் 11,200 அடி. கீழே கண்ணுக்கு எட்டிய மட்டும் வயலும் மேய்ச்சல் நிலமும். அதனால்தான் 25 வயது வரையிலான இளையோருக்கான உலகப் போட்டி 2015இல் அங்கே நாரோமைன் என்ற சிறிய ஊரில் நடந்தது. பெண்களுக்கான உலகப் போட்டி 2020 ஜனவரியில் அதே மாநிலத்தின் லேக் கீபிட்டில் நடந்தது. உங்கள் பிள்ளை சரியான இடத்தில்தான் கற்றுக்கொள்கிறாள்.

இப்போது நீங்கள் சொன்ன அந்த வார்த்தைக்கு வருகிறேன். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒன்பது மணிவரை தகவல் இல்லாமல் காத்திருந்த எந்த அப்பாவும் அப்படித்தான் வெடித்திருப்பார். ஆனால் அந்த வார்த்தை இப்போது மகளோடு விமானத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

எனக்கு 23 வயது இருக்கும்போது ஒரு வாரப் போட்டி. முதல் மூன்று நாளில் இரண்டு நாள் வயலில் இறங்கினேன். என் க்ரூ ஒரு தோழி. இரண்டு இரவும் பன்னிரண்டு மணி தாண்டி டிரெய்லரோடு வந்து என்னைக் கூட்டிப்போனாள். இரண்டாம் இரவு அவள் பெருமூச்சு விட்டு, "நாளைக்காவது வந்துடுவியா?" என்று மட்டும் கேட்டாள். நான்காம் நாள் திரும்பும் வழியில், தளத்துக்கு இன்னும் 15 கிலோமீட்டர் இருக்கும்போதே உயரம் போதாது என்று தெரிந்துவிட்டது. இடது பக்கம் நீளமான, சமதளமான, அறுவடை முடிந்த நல்ல வயல். உயரம் 1,500 அடி. அங்கே இறங்கியிருக்க வேண்டும். அந்தப் பெருமூச்சு காதில் கேட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனேன். கடைசியில் 400 அடியில், தேர்ந்தெடுக்க எதுவுமே இல்லாமல், உழுதுபோட்ட ஒரு துண்டு நிலத்தில் இறங்கினேன். மின்கம்பியைத் தாண்டி வந்தபிறகுதான் பக்கத்தில் கம்பம் நிற்பதையே பார்த்தேன். சக்கரம் உடைந்தது, முதுகுவலி மூன்று வாரம். தோழி மேல் எந்தத் தப்பும் இல்லை, களைப்பில் கேட்டாள். அவளிடம் மனம்விட்டுப் பேசாமல் விமானத்தில் ஏறியது என் தப்பு.

அந்தக் கம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலிய உட்பகுதியில் தூரத்துப் பண்ணை வீடுகளுக்கு ஒற்றைக் கம்பியில் மின்சாரம் போகும். கம்பத்துக்குக் கம்பம் தூரம் அதிகம். மேலே இருந்து பார்த்தால் கம்பி தெரியவே தெரியாது. கம்பத்தைத்தான் தேட வேண்டும், வீடு எங்கே இருக்கிறது, அதற்கு மின்சாரம் எந்தப் பக்கமாக வருகிறது என்று யோசிக்க வேண்டும். அதற்கு உயரம் கையில் இருக்க வேண்டும். அதனால்தான் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வோம்: 2,000 அடியில் இறங்கத் தோதான பகுதியைப் பிடி, 1,500இல் வயலைத் தேர்ந்தெடு, 1,000இல் முடிவு செய்து சுற்றி வந்து இறங்கு, அதற்கப்புறம் சின்னத் தெர்மல் ஒன்று தட்டினாலும் மனம் மாறாதே. விதி எல்லோருக்கும் தெரியும். அதை மீற வைப்பது பெரும்பாலும் கீழே காத்திருக்கிற முகம். "மறுபடியும் அப்பாவுக்குத் தொல்லை" என்ற நினைப்பு 1,500 அடியில் அவளுக்கு வரக்கூடாது.

போட்டியே ஒரு தண்டனை கொடுத்துவிடுகிறது. வயலில் இறங்கினால் பறந்த தூரத்துக்கு மட்டும்தான் புள்ளி. வேகத்துக்கான புள்ளி முழுவதும் போய்விடும். ஒரே ஒரு நாளில் பட்டியலின் அடிக்குப் போய்விடலாம். அது போதும் ஐயா. வீட்டிலிருந்து வேறு ஒன்று வேண்டாம்.

அப்படியானால் உங்களால் என்ன ஆகும்? மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் பலருக்கு இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது: முப்பது வருஷம் பாரம் இழுத்த கை. கிளைடர் டிரெய்லர் உங்கள் கண்டெய்னரை விட எவ்வளவோ லேசு, ஒரு டன்கூட வராது. ஆனால் நீளம் எட்டு ஒன்பது மீட்டர், பக்கக் காற்றில் அலையும். இணைப்புப் பந்தின் மேல் விழும் பாரம் குறைந்தால் வால் ஆடத் தொடங்கும். ஆடும்போது பதறி வண்டியை ஒடிக்கிறவர்கள்தான் டிரெய்லரைக் கவிழ்ப்பார்கள். உங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் ஊர் போலவே அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டம். ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறையில்) சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள். அந்தி சாய்ந்தால் கங்காரு குறுக்கே பாயும், வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். சில சாலைகளில் அடுத்த எண்ணெய் நிலையத்துக்கு வெகுதூரம் போக வேண்டியிருக்கும், ஆகவே ஒவ்வொரு காலையும் டேங்க் நிரம்பியிருக்கட்டும். வண்டியில் குடிதண்ணீர், கைவிளக்கு, காகித வரைபடம், இரண்டு பேருக்குச் சாப்பாடு. கைப்பேசிக்குச் சிக்னல் இல்லாத இடம் நிறைய.

அவள் போன் செய்து இடத்தின் எண்களைச் சொல்வாள். எழுதிக்கொண்டு, திருப்பிப் படித்துக் காட்டுங்கள். வயலுக்குப் போய்ச் சேர்ந்ததும் வண்டியை நேரே உள்ளே விடாதீர்கள். காய்ந்த வைக்கோல்தாளில் சூடான புகைக்குழாய் பட்டால் தீப்பிடிக்கும். முதலில் பண்ணைக்காரரைப் பார்த்து அனுமதி கேளுங்கள். கேட்டைத் திறந்திருக்கக் கண்டால் திறந்தே விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டு வாருங்கள். உள்ளே ஆடு மாடு இருக்கும். உங்கள் ஆங்கிலம் சுமார் என்றால் பரவாயில்லை. தொப்பியைக் கழற்றிக் கைகுலுக்கி, "என் மகள்" என்று விமானத்தைக் காட்டினால் போதும். எனக்கு அந்தப் பண்ணைகளில் டீயும் கேக்கும் கிடைக்காமல் திரும்பிய நாட்கள் குறைவு.

பிறகு கிளைடரைக் கழற்ற வேண்டும். வாலின் குறுக்கு இறக்கை முதலில், அப்புறம் இறக்கைகள் ஒவ்வொன்றாக. ஓர் இறக்கை 60, 70 கிலோ வரும். ஒருவர் நுனியில், ஒருவர் அடியில். எந்த இணைப்பு ஊசி எந்தப் பையில் என்று அவள் சொல்வாள். அவள் சொல்கிற வரிசையில் மட்டும் செய்யுங்கள், வேகமாக முடிக்கப் பார்க்காதீர்கள்.

காலை வேலைதான் இதைவிட முக்கியம். அங்கேதான் உங்கள் மகளின் உயிர் உங்கள் கையில் இருக்கும், உருவகமாகச் சொல்லவில்லை. கழற்றிய கிளைடரை மறுபடி பூட்டும்போது இறக்கைக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுத் தண்டு ஒன்று சரியாக இணையாமல் போனால், மேலே போனபிறகுதான் தெரியும். உலகில் பலர் அப்படி இறந்திருக்கிறார்கள். அதற்காக ஒரு சோதனை உண்டு. அவள் உள்ளே உட்கார்ந்து ஸ்டிக்கை அசைப்பாள். நீங்கள் வெளியே நின்று இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பகுதியைக் கையால் மெல்லப் பிடித்து எதிர்க்க வேண்டும். இரண்டு இறக்கை, வால், இறக்கையில் உள்ள வேகத்தடைப் பலகை எல்லாவற்றுக்கும். எதிர்ப்பு அவள் கைக்குப் போய்ச்சேர வேண்டும். தளர்வாக ஏதாவது தெரிந்தால் சத்தமாகச் சொல்லுங்கள். இதைச் செய்யப் படிப்பு வேண்டாம், கவனம் வேண்டும். அவள் பூட்டிக்கொண்டிருக்கும்போது யாராவது வந்து பேச்சுக்கொடுத்தால், நீங்கள் குறுக்கே நின்று, "பிறகு வாங்க" என்று சொல்லிவிடுங்கள். பாதியில் பேச்சு வந்துவிட்டால் சோதனையை முதலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அதற்கு அவள் சலித்துக்கொண்டாலும் விடாதீர்கள்.

மற்றவை சின்ன வேலைகள். இறக்கையைச் சுத்தமான தண்ணீரும் மெல்லிய துணியும் கொண்டு துடைப்பது. கண்ணாடிக் கூண்டை உலர்ந்த துணியால் தேய்க்காமல் இருப்பது, தேய்த்தால் கீறல் விழும், வெயிலுக்கு எதிரே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பேட்டரி, பயணப் பதிவுக்கருவி, பாராசூட், தொப்பி, தண்ணீர் எல்லாம் ஏறிவிட்டதா என்று பார்ப்பது. இழுவை தொடங்கும்போது இறக்கை நுனியைப் பிடித்துச் சில எட்டு ஓடுவது. உங்களால் ஓட முடியாவிட்டால் இளைஞர்கள் இருப்பார்கள்.

தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குக் காவடி போவதை ஆண்டுதோறும் பார்த்திருப்பீர்கள். காவடிக்காரருக்குப் பக்கத்திலேயே முக்காலியும் தண்ணீருமாக ஒருவர் நடப்பார். அவர் காவடியைத் தொடமாட்டார். "சீக்கிரம் நட" என்று சொல்லமாட்டார். உட்காரத் தோன்றும் இடத்தில் முக்காலியைப் போடுவார். டிசம்பரில் உங்களுக்கு அந்த வேலைதான். எப்படிப் பறப்பது, எந்த மேகத்துக்குப் போவது என்பதெல்லாம் அவளுடைய பயிற்றுநர் பார்த்துக்கொள்வார். ஆஸ்திரேலிய இளையோர் தேசியப் போட்டிக்கு ஜோயிகிளைட் என்று பெயர். அனுபவமுள்ளவர்கள் கூடவே இருந்து சொல்லிக்கொடுப்பது அங்கே வழக்கம். மாலையில் அவள் வந்ததும் "எத்தனாவது இடம்?" என்று கேட்காதீர்கள், "பசியாறினியா?" என்று கேளுங்கள். இடம் எத்தனை என்பதை அவளே சொல்வாள். நடுச்சாமத்தில் திரும்பிய மறுநாள் "இன்னிக்கு பறக்கலப்பா" என்று சொன்னால், ஏன் என்று கேட்காமல் நாற்காலியை நிழலில் போடுங்கள். ஒரு நாளை விட்டுக்கொடுக்கத் தெரிந்த விமானிதான் அடுத்த ஆண்டும் வருவாள்.

பணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. கிளைடர் வாடகை, இழுவைக் கட்டணம், போட்டிக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் ரிங்கிட்டில் கனமாகத்தான் இருக்கும். கிளைடருக்கு அடிபட்டால் காப்புறுதி போக நம் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைப் போட்டிக்கு முன்பே கிளப்பில் கேட்டு, அதை நீங்களே ஏற்றுக்கொள்வதாக அவளிடம் சொல்லிவிடுங்கள். போட்டி நாட்களில் அந்தப் பேச்சே வேண்டாம்.

இனி அம்மாவுக்கு. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த விமானப் புள்ளி பல இடங்களில் தரையில் இருக்கும் ஏற்பிகள் வழியாகக் கைப்பேசிக்கு வருகிறது. கிளைடர் தாழ்ந்தால் ஏற்பியின் பார்வைக்குத் தப்பிவிடும், புள்ளி அப்படியே நின்றுவிடும் அல்லது மறைந்துவிடும். சாதாரணமாக வயலில் இறங்கும்போதும் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். புள்ளி மறைவதைக் கொண்டு எதையும் முடிவு செய்யக்கூடாது. நான் அம்மாவாக இருந்தால் அந்த ஆப்பைப் போட்டி நாட்களில் திறக்கமாட்டேன். அதற்குப் பதில் ஓர் ஏற்பாடு: மகள் இறங்கியதும் அப்பாவுக்குச் சொல்வாள், அப்பா உடனே வீட்டுக்குச் சொல்வார். குறிப்பிட்ட நேரத்துக்குள் எந்த விமானியிடமிருந்தும் தகவல் வராவிட்டால் போட்டி நடத்துபவர்களே தேடத் தொடங்குவார்கள். டிசம்பரில் அங்கே நேரம் நமக்கு மூன்று மணி முன்னே. நம் ஊரில் மாலை நான்கு என்றால் அங்கே ஏழு. பெரும்பாலும் அதற்குள் எல்லாரும் தரையில் இருப்பார்கள்.

அம்மாவிடம் தனியாகச் சொல்வதாகச் சொன்னேனே, அது இது. கண்ணாடிக் கூண்டுக்குள் வெயிலில் நான்கைந்து மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். இறங்கிக் கழிப்பறைக்குப் போக வழியில்லை. ஆண்களுக்குப் பையோ குழாயோ வைத்துச் சமாளிப்பது சுலபம். பெண் பிள்ளைகள் பலர் கூச்சத்தில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். உடம்பில் நீர் குறைந்தால் முதலில் போவது நிதானம். எந்த வயல், எந்த உயரம் என்ற கணக்கு அப்போதுதான் பிசகும். நான் பெரியவர்களுக்கான டயப்பர் போட்டுக்கொண்டுதான் பறந்தேன், எனக்குத் தெரிந்த பெண் விமானிகள் பலரும் அப்படித்தான். அப்பா கேட்டால் அவளுக்குச் சங்கடமாக இருக்கும். நீங்கள் கேளுங்கள் அம்மா, கூச்சமில்லாமல். முடிந்தால் ஒரு பொட்டலம் வாங்கி அப்பாவின் பெட்டியில் வைத்துவிடுங்கள். புளிக்காய்ச்சல் கொடுத்தனுப்பினால் ஆஸ்திரேலிய விமான நிலையப் படிவத்தில் உணவு இருப்பதாகக் குறிக்க மறக்க வேண்டாம், மறைத்தால் அபராதம்.

ஆபத்தே இல்லை என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். போட்டியில் பத்துப் பதினைந்து கிளைடர் ஒரே தெர்மலில் சுற்றும். முதலில் வந்தவர் சுற்றுகிற பக்கமே மற்றவரும் சுற்ற வேண்டும் என்பது விதி; நெருங்கினால் எச்சரிக்கும் ஃபிளார்ம் என்ற கருவியும் உண்டு; பாராசூட்டும் முதுகில் இருக்கும். இருந்தும் மோதல் நடந்திருக்கிறது. தாழ்வான உயரத்தில் எடுக்கும் தவறான முடிவு பலரைக் கொன்றிருக்கிறது. இது உங்கள் மகளுக்கும் தெரியும். நிறுத்தலாமா என்று கேட்டீர்கள். 20 வயதுப் பெண்ணைப் பிறையில் இருந்துகொண்டு நிறுத்த முடியாது. உங்களிடம் சொல்லாமல் பறக்க வைக்கத்தான் முடியும். ஏற்கெனவே பாதி அப்படி ஆகிவிட்டது. ஆனால் அவளே உங்களை க்ரூவாகக் கூப்பிடுகிறாள். அப்படிக் கேட்கிற பிள்ளைக்கு அப்பா மேல் இன்னும் நம்பிக்கை இருக்கிறது. போங்கள் ஐயா.

அதற்கு முன்பு ஒரு வேலை. இன்றைக்கே கூப்பிடுங்கள், அங்கே நேரம் நமக்கு முன்னே என்பதால் நம் ஊர் நேரம் எட்டு மணிக்குள். ஜனவரியில் சொன்னது பயத்தில் சொன்னது என்று சொல்லுங்கள். வருகிறேன் என்று சொல்லுங்கள். பிறகு, "அதுக்கப்புறம் எத்தனை வயல்ல இறங்கினம்மா?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். கொஞ்சம் தயங்குவாள். எண்ணிக்கையைச் சொன்னதும் ஒவ்வொரு வயலாகக் கேளுங்கள்: எத்தனை அடியில் முடிவெடுத்தாள், காற்று எந்தப் பக்கம், கம்பம் எங்கே நின்றது, டிரெய்லரை யார் கொண்டுவந்தார்கள், கேட் எந்தப் பக்கம் இருந்தது. டிரெய்லர் ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று காரணம் சொல்லுங்கள்.